தொரைக்கு வந்த பொங்கல் பானைகள்

காணும் பொங்கலன்று காலையில் தொரை வைக்கோலைத் தொடவில்லை.

முதல் நாள் போட்ட சாமந்தி மாலை கழுத்தில் வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. கொம்பில் பூசிய நீல வர்ணம் ஒரு பக்கம் மட்டும் உரிந்திருந்தது. உங்கம்மா தவிட்டுத் தண்ணீர் வாளியோடு போய், வழக்கம்போல "ரா ரா தொரா" என்று கூப்பிட்டாள். அவள் குரல் கேட்டால் முளைக்குச்சியையே பிடுங்கிக்கொண்டு வருகிறவன், அன்று காதை மட்டும் ஒரு தடவை ஆட்டினான்.

"ஏங்க, இங்க வாங்க. இவன் வாயில இன்னா வாடைன்னு பாருங்க."

குனிந்து முகர்ந்தேன். நாலு நாள் மறந்துபோன இட்லி மாவைத் திறந்தால் வருமே, அந்தப் புளிப்பு. செல்வி, உன் வீட்டு பிரிட்ஜைத் திறந்தால் நான் ஏன் எழுந்து வாசலுக்குப் போகிறேன் என்று போன தடவை கேட்டாய். அதற்குப் பதில் இதுதான்.

போன வாரம் உங்கள் இருவருக்கும் நான் எழுதி அனுப்பிய பால் சைக்கிள் கதையைப் படித்துவிட்டுச் செல்வி போன் செய்தாள். "எல்லாப் பசுவும் வந்தாச்சு. தொரை எங்கப்பா?" என்று கேட்டாள். பின்னாலிருந்து குமார், "அப்பா அதைப் பத்தி எழுத மாட்டாரு" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. நம் பக்கத்து நிலத்து முனியம்மா அக்கா இருக்கும்வரை இதை எழுதக்கூடாது என்று வைத்திருந்தேன். அக்கா போன ஆடியில் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி எழுதலாம்.

பசு வாங்கப் போன கதை

தொரை நம் வீட்டுக்கு வந்தது கார்த்திகை தீபத்துக்குக் கூடும் மாட்டுச் சந்தையில் இருந்து. நான் போனது கறவைப் பசு வாங்க. கூட உங்கம்மாவும் வந்தாள். அவளுக்குப் பிறந்த வீடு குப்பம் பக்கம். தெலுங்கு பேச ஆள் கிடைக்காமல் கல்யாணமானதிலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்தவள், சந்தையில் நெல்லூர்க்கார வியாபாரி ஒருவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். இரண்டு பேரும் மழை, மாமியார், மிளகாய் விலை என்று பேசித் தீர்த்தார்கள். நான் பசுவின் மடியைப் பார்ப்பதா, இவர்கள் வாயைப் பார்ப்பதா என்று நின்றேன்.

அந்த நேரத்தில் வியாபாரியின் பின்னால் கட்டியிருந்த வெள்ளைக் காளைக்கன்று ஒன்று, உங்கம்மாவின் முந்தானையை மெல்ல ஆரம்பித்தது. அவள் இழுத்தாள். அது விடவில்லை. முந்தானையின் ஓரம் முழுக்க எச்சில். "இவனை விட்டுட்டு எப்டிங்க போறது?" என்றாள்.

பசு வாங்கப் போனவன் காளைக்கன்றோடு திரும்பினேன். நம் ஊர் அடி அண்ணாமலையில் ஒரு வாரம் இதுதான் பேச்சு. "ஏழுமலை இனிமே காளைகிட்டதான் பால் கறக்கப் போறான்" என்றார்கள்.

கன்றுக்குத் தமிழ் தெரியாது. "வா" என்றால் நிற்கும். "நில்லு" என்றால் நடக்கும். உங்கம்மா "ரா" என்றால் வரும், "ஆகு" என்றால் நிற்கும். கடைசியில் நான்தான் மாற வேண்டியிருந்தது. எட்டாவது வரை படித்தேன். எந்த வாத்தியாரும் சொல்லித் தராத பாஷையில் நாலு வார்த்தையை ஒரு மாட்டுக்காகக் கற்றுக்கொண்டேன்.

மூன்றே வருடத்தில் அவன் என் தோளுக்கு மேல் வளர்ந்தான். திமில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நடக்கும்போது ஆடும். கழுத்துத் தொங்கலைத் தடவிக்கொடுத்தால் கண்ணை மூடிக்கொள்வான். பௌர்ணமிக்கு மலையைச் சுற்றி வருகிறவர்கள், நம் வேலி ஓரம் அவன் நின்றிருந்தால் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அவன் அவர்கள் கையில் பழம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பான்.

செங்கம் ரோட்டில் வாடகை அறையில் இருந்த ஒரு வெள்ளைக்காரர், நம்மிடம் பால் வாங்கியவர், ஒரு நாள் கேமராவோடு வந்து அவனைப் படம் எடுத்தார். சரியாக அந்த நேரத்தில் தொரை தலையைத் திருப்பிவிட்டான். அலமாரியில் இருக்கிற அந்தப் படத்தில் திமிலும், உங்கம்மாவின் வளையல் கையும் மட்டும்தான் இருக்கின்றன. அவன் முகம் தெரிகிற படம் நம்மிடம் இல்லை.

ஊரெல்லாம் சம்பந்தி

அப்போது நம்மிடம் எட்டுப் பசு. பண்ணை என்று போர்டு எழுதி மாட்டியது நான்தான். பார்த்தவர்கள் கொட்டகை என்றுதான் சொன்னார்கள். தொரை பொலிகாளை ஆனதும்தான் ஊர் அதைப் பண்ணை என்று ஒப்புக்கொண்டது.

அந்தக் காலத்தில் சினை ஊசி வந்துவிட்டது. டவுனிலிருந்து மாட்டு டாக்டர் மொபெட்டில் ஊசி மருந்து வைத்த ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவார். நல்ல மனிதர். ஆனால் ஜனங்களுக்கு ஊசி மேல் நம்பிக்கை கம்மி. முனியம்மா அக்காவின் கறுப்புப் பசுவுக்கு மூன்று தடவை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. அக்கா விதவை. ஒரே பசு. அதை விற்றுவிடலாம் என்ற நிலைமைக்கு வந்து, கடைசியாக நம் கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். ஒரே தடவை. பசுவுக்குச் சினை நின்றுவிட்டது.

கன்று போட்ட பதினாறாம் நாள் அக்கா வெற்றிலை பாக்கு, பழம், ஒரு சாண் அகலத்தில் புண்ணாக்குக் கட்டி எல்லாம் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார்.

"இன்னாக்கா இது?"

"உனக்கா கொண்டாந்தேன்? நகரு. மாப்ளைக்குக் கொண்டாந்தேன்" என்று நேரே தொரையிடம் போனார். பிறகு உங்கம்மாவைப் பார்த்து, "இன்னா சம்பந்தி, சௌக்கியமா?" என்றார்.

அன்று ஆரம்பித்த வழக்கம். யார் வீட்டுப் பசு தொரையால் கன்று போட்டாலும் அந்த வீட்டுக்கு அவன் மாப்பிள்ளை. நாங்கள் சம்பந்தி. டீக்கடையில் நான் போய் உட்கார்ந்தால் "சம்பந்திக்கு ஒரு டீ" என்று குரல் வரும்.

டாக்டர் மட்டும் செல்லமாகக் கோபித்துக்கொள்வார். "ஏழுமலை, உன் காளை என் வேலைக்கு உலை வைக்குதுய்யா. எங்கிட்டச் சர்க்கார் கணக்கு கேக்குது. நான் தொரையைக் காட்டவா?" என்பார். சொல்லிக்கொண்டே தொரையின் கழுத்தைச் சொறிந்துகொடுப்பார். ஒரு தரம் மட்டும் சிரிக்காமல் சொன்னார்: "ஆனா ஒண்ணு. இவனுக்குச் சோறு கீறு போடாத. மாட்டு வயிறு புல்லுக்குப் பண்ணது."

"சேச்சே, போட மாட்டேன் சார்" என்றேன்.

மாப்பிள்ளை விருந்து

மாட்டுப் பொங்கலுக்கு மாப்பிள்ளையை விட்டுவிடுவார்களா? முதல் வருடம் முனியம்மா அக்கா மட்டும் ஒரு சின்னப் பானையில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து ஊட்டினார். அடுத்த வருடம் ஐந்து வீடு. ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் சொன்னது எனக்கு மறந்தே போனது.

மூன்றாவது வருடம்தான் நான் சொல்லும் வருடம். செல்வி அப்போது ஒன்றாவதில் சேர்ந்திருந்தாள் என்று நினைக்கிறேன். உங்கம்மா, இல்லை, அதற்கு முன்னால் என்கிறாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். பானை, குண்டான், தூக்குப் போசி. வெல்லமும் ஏலக்காயும் சேர்ந்த மணம் சாணி மணத்தையே அமுக்கிவிட்டது. "எங்க பசு மொத ஈத்துலயே பொட்டக் கெடாரி போட்டுச்சு, மாப்ளைக்கு எங்கூட்டுதுதான் மொதல்ல" என்று ஒரு அம்மா. "அப்டியா, எங்கூட்டுப் பொங்கல்ல முந்திரி கீது, மாப்ளையே சொல்லட்டும்" என்று இன்னொரு அம்மா. தொரை எல்லாருக்கும் நியாயமாக நடந்துகொண்டான். எல்லாப் பானையிலும் மூக்கு வரை நுழைத்தான்.

நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். என் கொட்டகை வாசலில் பதினேழு வீடு. என் அப்பா வீட்டு விசேஷத்துக்குக்கூட அவ்வளவு பேர் வந்ததில்லை.

பத்துப் பானை தாண்டியதும் உங்கம்மா என் சட்டையை இழுத்தாள். "ஏங்க, ஜாஸ்தியா போவுது. போதும்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

"ஆசையா கொண்டாந்தவங்கள எப்டி திருப்பி அனுப்பறது? சும்மா இரு."

"நீங்க சொல்லலன்னா நான் சொல்றேன்."

"சொல்லித்தான் பாரேன்" என்று முறைத்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

கடைசியாக முனியம்மா அக்கா வந்தார். மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய பானை. புது அரிசி, பசு நெய். அவர் பசு தந்த பாலில் எடுத்த நெய். தொரை அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனே போதும் என்று சொன்னான்; அவன் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

"இன்னா மாப்ளே, எங்கூட்டுது மட்டும் கசக்குதா?" என்று அக்காவின் முகம் சின்னதாகிவிட்டது.

நான் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து அவன் தலையைப் பானைப் பக்கம் திருப்பினேன். "துன்னுடா, உனக்காகப் பண்ணதுடா" என்றேன். அவன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தின்றான். பானை காலியானதும் அக்கா சிரித்துக்கொண்டு போனார்.

இத்தனை வருடமும் என் உள்ளங்கையில் இருப்பது அந்தக் கயிறுதான்.

சோடா உப்பு

இப்போது காணும் பொங்கல் காலைக்கு வருகிறேன். அஜீரணம் என்று நானே முடிவு செய்து, இஞ்சியும் ஓமமும் இடித்து, வெல்லத்தில் கரைத்து மூங்கில் குழாயில் ஊற்றினேன். பத்து மணிக்கு இடது பக்க விலா உப்பிவிட்டது. பல்லை நறநறவென்று கடித்தான். போட்ட சாணம் தண்ணீராக, சாம்பல் நிறத்தில் இருந்தது. அதற்குமேல் நிற்க முடியாமல் சைக்கிளை எடுத்தேன். ஆஸ்பத்திரி லீவு. டாக்டரின் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு வந்தார்.

வந்ததும் விலாவில் காதை வைத்துக் கேட்டார். "வயிறு அசையவே இல்ல. இன்னாய்யா போட்ட?"

"எப்பவும் போடறதுதான் சார்" என்றேன்.

பொய். டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் அதுதான் வந்தது. விஷச்செடியா, கழனியில் மருந்து அடித்தார்களா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். அந்த அரை மணி நேரம் வீணாகப் போனது என்னால்தான்.

உங்கம்மா கதவோரம் நின்றிருந்தாள். "பொங்கல் சார்" என்றாள். "பதினேழு வீட்டுப் பொங்கல். காலையில இவரு வெல்லம் வேற கரைச்சு ஊத்தினாரு."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. "வயித்துக்குள்ள அவ்வளவும் புளிச்சுக் கிடக்குது. நீ மேல மேல இனிப்பு ஊத்தியிருக்க. பெரிய ஆஸ்பத்திரின்னா வயித்த அறுத்து அதெல்லாம் வெளிய எடுத்துடுவாங்க. இவனை மெட்ராஸ் வரைக்கும் லாரியில ஏத்துனா திண்டிவனம்கூட தாண்ட மாட்டான். புளிப்ப முறிக்கச் சோடா உப்பு கொண்டா. எவ்ளோ கிடைக்குதோ அவ்ளோ."

பொங்கல் லீவில் எந்தக் கடை திறந்திருக்கும்? உங்கம்மா ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். பஜ்ஜிக்கு என்று வைத்திருந்த சோடா உப்பை ஜனங்கள் கொடுத்தார்கள். டப்பா நிறைவதற்குள் அவர்களே வர ஆரம்பித்துவிட்டார்கள். காகிதத்தில் மடித்து, கிண்ணத்தில் போட்டு, ஒரு அம்மா உள்ளங்கையிலேயே பொத்திக்கொண்டு. முதல் நாள் பானையோடு வந்த அதே பதினேழு வீடு. மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் அவர்களுக்குத் தெரியும்.

டாக்டர் குழாய் விட்டுச் சோடா உப்புத் தண்ணீரை ஊற்றினார். கழுத்து நரம்பில் பாட்டில் ஏற்றினார். நான் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொழுது சாயும்போது தொரை கொஞ்சம் அசை போட்டான். இரண்டே தடவை. உங்கம்மா உடனே கற்பூரம் தேடினாள். டாக்டர், "இரும்மா, இரும்மா" என்றார்.

கோடி வேட்டி

மறுநாள் வெயில் ஏறும்போது அவனால் எழ முடியவில்லை. முன்னங்காலை மடித்து, தலையை விலாப் பக்கம் திருப்பிப் படுத்திருந்தான். கண் உள்ளே போயிருந்தது. காதைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. உங்கம்மா அவன் பக்கத்தில் உட்கார்ந்து தெலுங்கில் ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். என்ன பேசினாள் என்று நான் கேட்டதில்லை. அவனுக்குப் புரிந்திருக்கும்.

பதினோரு மணி இருக்கும். அவன் கழுத்தில் வைத்திருந்த கையை டாக்டர் எடுத்தார். வெளியே போய் மொபெட் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஊர் கூடிவிட்டது. முனியம்மா அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தொரையைப் பார்த்தார். பிறகு டாக்டரிடம் போனார். "சார், நாங்க வச்ச பொங்கலாலயா?"

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன்.

"இல்லக்கா. வைக்கோல்ல ஏதோ பூச்சி மருந்து கலந்திருந்துச்சாம். டாக்டர் இப்பதான் சொன்னாரு."

அக்கா டாக்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆமாம்மா. மருந்துதான்" என்றார்.

இரண்டு நாளில் நான் சொன்ன இரண்டாவது பொய். முதல் பொய் என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னது. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். இரண்டாவதற்கு வெட்கப்பட்டதில்லை. கயிற்றைப் பிடித்துத் திருப்பியது நான். ஆசையாக ஊட்டியவர்கள் தலையில் அது ஏன் விழ வேண்டும்?

வேலி ஓரத்து வேப்பமரத்தடியில் குழி வெட்டினோம். இறக்குவதற்கு முன்னால் அக்கா, "இருங்க" என்று சொல்லி வீட்டுக்கு ஓடி, மஞ்சள் தடவிய புது வேட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். "மாப்ளைக்குக் கோடி போடாம அனுப்பறதா?" அதன்பின் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் துண்டு, வேட்டி. தொரையின் திமில்கூடத் தெரியாதபடி துணி மூடிவிட்டது.

ஒரு மாதம் கழித்து அக்கா தன் கறுப்புப் பசு போட்ட காளைக்கன்றை ஓட்டிக்கொண்டு வந்து நம் கொட்டகையில் கட்டினார். தொரையின் மகன். "மாப்ள போனாரு. பேரன் கீறான், வச்சுக்கோ" என்றார். சின்னத்தொரை என்று பேர் வைத்தோம். ஊரில் வளர்கிற கிடாரிகள் எல்லாம் அவனுக்கு அக்கா தங்கை முறை ஆகிவிட்டதால் பொலிகாளையாக விடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டிக்குப் பழக்கினோம். அதற்கப்புறம் டாக்டரின் ஐஸ் பெட்டிதான் ஊருக்கு மாப்பிள்ளை.

அடுத்த பொங்கல்

நான் பயந்தது போலவே நடந்தது. அடுத்த மாட்டுப் பொங்கலுக்கும் பானைகள் வந்தன, சின்னத்தொரைக்கு. உண்மையைச் சொன்னால் பதினேழு வீடும் அழும். சொல்லாவிட்டால் இவனும் போவான். நான் கொட்டகைக்குள்ளேயே ஒதுங்கிக்கொண்டேன்.

உங்கம்மா பெரிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்தாள். "இன்னா சம்பந்திங்களா, போன வருஷம் எல்லாத்தையும் மாப்ளையே துன்னுட்டாரு. நாங்க ஒரு வாய் கண்டதுண்டா? இந்த வருஷம் புள்ளைக்கு ஒரு உருண்டை, மீதி சம்பந்திக்கு. அதான் மொற."

சிரித்துக்கொண்டே அண்டாவில் கொட்டினார்கள். சின்னத்தொரைக்கு எலுமிச்சம்பழம் அளவு, அதுவும் அவள் கையால். மீதியை நாம் நாலு பேரும் மூன்று நாள் தின்றோம். வருடா வருடம் தின்றோம். "மாட்டுக்கு வந்த சோத்தை எங்களுக்குப் போடறியேம்மா" என்று குமார் தட்டைத் தள்ளிவிட்டு அடி வாங்கியது ஞாபகம் இருக்கிறதா? அந்த அடிக்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அண்டா வைத்த அந்த முதல் வருடம் முனியம்மா அக்கா எல்லாருக்கும் கடைசியில்தான் வந்தார். அதே பெரிய பானை. மேலே வாழை இலை மூடியிருந்தது. உங்கம்மா அண்டாவை நகர்த்தினாள். அக்கா இலையை எடுத்தார்.

பானையின் அடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரே ஒரு உருண்டை இருந்தது. உங்கம்மா சொன்னதை அவர் கேட்டிருக்க வழியில்லை. வீட்டிலிருந்தே அப்படித்தான் கொண்டுவந்திருந்தார்.

"இந்த வருஷம் அரிசி கம்மி தம்பி" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் அவர் களத்தில் வைக்கோல் போர் கூரை உயரத்துக்கு நின்றது. நெல் மூட்டைகளைத் தைத்துக் கொடுத்தவனே நான்தான்.

"ஆமாக்கா. எல்லா இடத்துலயும் கம்மிதான்" என்றேன்.

அக்கா உருண்டையை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். சின்னத்தொரை ஒரே வாயில் விழுங்கிவிட்டு, கையை நக்கினான். பிறகு பானைக்குள் மூக்கை விட்டுத் தேடினான். அக்கா அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக நிமிர்த்தினார்.

"அவ்ளோதாண்டா கண்ணு" என்றார். "போதும்."